பொறி கலங்கிய பிறகு

இரத்தினபுரி நகரிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கிறது மகா சமன் தேவாலயம். சிவனொளிபாத மலைக்கு உரியவராக வணங்கப்படும் சமன் தெய்வத்தின் கோயில் அது. அங்கே ஒரு பழைய கற்பலகை உண்டு. கவசம் பூண்ட போர்த்துக்கேய வீரன் வாளை ஓங்கி நிற்கிறான். அவன் காலடியில் சிங்கள வீரன் ஒருவன் சாய்ந்து கிடக்கிறான். நிற்பவன் சிமாவோ பின்யாவோ என்ற தளபதி என்பார்கள். அதே தேவாலயத்தில் அங்கம்பொர வீரர்களின் உருவங்களும் செதுக்கப்பட்டுள்ளன. அங்கம்பொர என்பது கையும் காலும் ஆயுதமும் சேர்ந்த, இந்தத் தீவின் பழைய சண்டைக் கலை. கல்லில் எல்லாமே அசையாமல் நிற்கின்றன: ஓங்கிய கை, வளைந்த முதுகு, விழுந்த உடல். விழுந்தவனை யார் தூக்கினார்கள், அவன் கண் திறந்து என்ன சொன்னான், மறுநாள் அவனுக்குத் தன் ஊர் நினைவில் இருந்ததா என்பதை எந்தச் சிற்பியும் செதுக்கவில்லை.

அந்தக் கேள்விகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. சண்டைக்கு வயது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இருக்கலாம். சண்டை முடிந்ததும் அடிபட்டவனின் தலையை முறைப்படி சோதிக்கும் வழக்கத்துக்கு நூறு ஆண்டுகூட முழுதாக ஆகவில்லை.

தலையில் பலமான அடி விழுந்தால் தமிழில் 'பொறி கலங்கிப்போச்சு' என்கிறோம். 'கண்ணில் பூச்சி பறந்தது' என்கிறோம். இரண்டும் துல்லியமான சொற்கள். பொறி என்பது கண், காது முதலான ஐம்பொறி. அடி விழுந்தவுடன் பார்வை மங்குகிறது, காது இரைகிறது, தரை ஆடுகிறது, நேரம் அறுந்துபோகிறது. மண்டை ஓடு உடையாமல், ஒரு சொட்டு இரத்தமும் வெளியே வராமல் இத்தனையும் நடக்கும். மருத்துவர்கள் இதை மூளை அதிர்ச்சி என்கிறார்கள். ஸ்கேன் படத்தில்கூடப் பெரும்பாலும் எதுவும் தெரியாது. இரத்தக் கசிவைத்தான் ஸ்கேன் காட்டும். கலங்கிய பொறியைக் காட்டாது. அதை அறிய வேண்டுமானால் அடிபட்டவனோடு பேச வேண்டும், அவனை நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும்.

அங்கம்பொர மரபிலும் தமிழ்நாட்டுச் சிலம்ப மரபிலும் இதற்கு ஒரு பழைய ஏற்பாடு இருந்தது. கற்றுக்கொடுப்பவரே வைத்தியரும்கூட. உடலின் உயிர்நிலைகளான வர்மங்களை அறிந்த ஆசான்கள், எந்த இடத்தில் அடித்தால் ஆள் சாய்வான் என்பதோடு, சாய்ந்தவனை எப்படி மீட்பது என்ற இளக்குமுறையையும் சேர்த்தே கற்றார்கள். உடலின் உயிர்நிலைகளைப் பற்றிய அறிவு சிங்கள மரபிலும் சண்டைக்கும் வைத்தியத்துக்கும் பொதுவாக இருந்தது. இந்தச் சிகிச்சைகள் மூளைக்கு எவ்வளவு பயன்பட்டன என்பது வேறு விஷயம். ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு நல்ல குணம் இருந்தது: விழுந்தவனைப் பார்ப்பவருக்கு அவனை நெடுநாளாகவே தெரியும். அவன் இயல்பாக எப்படிப் பேசுவான், எப்படி நடப்பான் என்று தெரிந்தவருக்கே இன்று அவன் பேச்சு குழறுவதும் தெரியும்.

1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தது. 1818 கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேயர் அங்கம்பொரவை ஒடுக்கினார்கள் என்பது அந்தக் கலையினர் பேணிவரும் நினைவு. அதற்குப் பின்னர்தான் இரத்தினபுரியும் கேகாலையும் சேர்ந்த சப்ரகமுவ மலைச்சரிவுகளில் கோப்பியும், அடுத்துத் தேயிலையும் இறப்பரும் வந்தன. அவற்றோடு தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்கள் வந்தார்கள். பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, பெல்மதுளை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை என்று சிங்களக் கிராமங்களுக்கு நடுவே தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் எழுந்தன. வந்தவர்கள் தப்பையும் காமன் கூத்தையும் கொண்டுவந்தது போலவே கம்பு சுற்றவும் கற்றுக்கொண்டு வந்தார்கள். திருவிழா நாட்களில் தோட்டங்களில் சிலம்பம் ஆடுவது இன்றும் காணக்கூடியது.

அதே காலத்தில் ஆங்கிலேயர் தங்கள் சண்டையையும் கொண்டுவந்தார்கள். படை முகாம்களிலும் பெரிய பாடசாலைகளிலும் குத்துச்சண்டை வேர்விட்டது. பாடசாலைகளுக்கு இடையிலான ஸ்டப்ஸ் கேடயப் போட்டி 1914இல் தொடங்கியது. 1938இல் சிட்னியில் நடந்த பேரரசு விளையாட்டுப் போட்டியில் பார்னி ஹென்ரிக்கஸ் குத்துச்சண்டையில் தங்கம் வென்று இலங்கைக்குப் பெரும் புகழ் சேர்த்தார். கொண்டாட்டத்தின் நடுவே ஒரு விஷயத்தையும் எண்ணிப் பார்க்கலாம். கொழும்பு பொது வைத்தியசாலையில் ஷெல்டன் கப்ரால் நரம்பியல் சத்திரசிகிச்சையைத் தொடங்கியது 1956இல். ஹென்ரிக்கஸ் வென்று 18 ஆண்டுகள் கழித்து! அதுவரை இந்த நாட்டில் வளையத்துக்குள் இறங்கிய ஒவ்வொருவரும், மூளைக்குள் இரத்தம் கசிந்தால் அதற்கென்றே பயின்ற கை ஒன்று இல்லாத நாட்டில்தான் சண்டை போட்டார்கள்.

ஆங்கிலக் குத்துச்சண்டையில் இருந்த ஒரே சோதனை எண்ணிக்கை. 1743இல் ஜாக் பிராட்டன் எழுதிய விதிகளின்படி, விழுந்தவன் அரை நிமிடத்துக்குள் எழுந்து மேடை நடுவே வரைந்த சதுரத்தின் ஓரத்துக்கு வர வேண்டும். அவனைத் தூக்கி நிறுத்த உதவியாளர்களும் இருந்தார்கள். 1867இன் குயின்ஸ்பெரி விதிகள் அந்த நேரத்தைப் பத்து நொடியாகக் குறைத்தன. எழுந்திருப்பதும் அவன் பாடு. இன்று வரை உலகம் அறிந்த அந்தப் பத்து எண்ணிக்கை ஒரு மருத்துவச் சோதனை போலத் தோன்றும். உண்மையில் அது கேட்பது ஒன்றே ஒன்று: இவனால் இன்னும் சண்டை போட முடியுமா? இவன் நலமாக இருக்கிறானா என்று அது கேட்பதில்லை. ஒன்பது எண்ணுவதற்குள் எழுந்தவனுக்கு மூளை அதிர்ச்சி இல்லை என்று எந்த வைத்தியரும் சொல்ல மாட்டார். எழுந்து நிற்பது காலின் வேலை.

சண்டை என்பதற்குப் பதில் வேலை என்று வைத்தால், தோட்டத்து மக்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. விடியும் முன்னே தப்படித்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கூப்பிடுவார்கள். வராதவன் ஏன் வரவில்லை என்று கங்காணி லயத்துக்குத் தேடி வருவார். உடம்புக்கு முடியாதவன் மருந்து கொடுப்பவரிடம் போக வேண்டும். அவர் பார்த்துச் சொன்னால்தான் அன்று வேலைக்கு வராதது குற்றம் ஆகாது; அன்றைய கூலிக்கான பேர் மட்டும் விழாது. 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் தோட்டப் பகுதிகளை மருத்துவ மாவட்டங்களாகப் பிரித்து, தொழிலாளருக்கு வைத்தியம் பார்க்கும் செலவில் ஒரு பங்கைத் தோட்டக்காரர்கள் மேல் வைத்தது. அது வராத காலத்தோடு ஒப்பிட்டால் பெரிய மாற்றம். ஆனாலும் தோட்டத்து டிஸ்பென்சருக்குச் சம்பளம் கொடுத்தது தோட்டம். காய்ச்சலோடு வந்தவனின் நாடியைப் பிடிக்கும்போது அவர் காதில் துரையின் குரலும் ஒலித்திருக்கும். வேலைக்கு ஆள் வேண்டும் என்பவரின் சம்பளத்தில் இருக்கும் வைத்தியர், வேலைக்கு ஆள் தகுதியா என்று தீர்ப்புச் சொல்வது எவ்வளவு கடினம்! குத்துச்சண்டை வளையத்தின் அருகே அமர்ந்த வைத்தியர்களும் நெடுங்காலம் இதே இக்கட்டில்தான் இருந்தார்கள்.

இந்த இரண்டு உலகங்களும் ஒரு மனிதரிடம் வந்து சேர்ந்தன. ஹாரிசன் மார்ட்லண்ட், அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பிணப் பரிசோதனை செய்த மருத்துவர். 1925 வாக்கில் அவர் முன் வந்த வழக்கு, கடிகார முகப்பில் ஒளிரும் எண்களை எழுதிய தொழிற்சாலைப் பெண்களுடையது. தூரிகையின் முனையைக் கூராக்க அவர்கள் அதை உதட்டில் வைத்துத் திருகினார்கள். அந்தச் சாயத்தில் ரேடியம் இருந்தது. தாடை எலும்பு உளுத்து, பல் உதிர்ந்து, பெண்கள் ஒவ்வொருவராக இறந்தார்கள். நிறுவனம் வேறு காரணங்களைச் சொன்னது. அவர்கள் எலும்புக்குள் ரேடியம் இருப்பதை நிரூபித்தவர்களுள் மார்ட்லண்ட் முக்கியமானவர்.

தொழில் உடம்பை எப்படித் தின்னும் என்று அந்தப் பெண்களிடம் கற்ற கண், அடுத்துக் குத்துச்சண்டைக்காரர்கள் மேல் திரும்பியது. 1928இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். குடிக்காமலே குடித்தவன் போல் தள்ளாடும் பழைய வீரர்களைப் பார்வையாளர்கள் 'குத்துப் போதை'க்காரர்கள் என்று கேலியாக அழைத்துவந்தார்கள். அந்தக் கேலிச் சொல்லையே மார்ட்லண்ட் தன் கட்டுரைக்குத் தலைப்பாக வைத்தார். சண்டை ஏற்பாட்டாளர் ஒருவர் அவருக்கு 23 பேரின் பட்டியலைக் கொடுத்திருந்தார். யார் யாருக்குப் பேச்சு குழறுகிறது, யார் காலை இழுத்து நடக்கிறார் என்பது ஏற்பாட்டாளர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது என்பதற்கு அந்தப் பட்டியலே சாட்சி. தெரிந்தும் ஒருவரும் அதை நோய் என்று எழுதவில்லை, மார்ட்லண்ட் எழுதினார். விளையாட்டு வீரனைத் தொழிலாளியாகப் பார்த்ததால் அவருக்கு அது தெரிந்தது என்றே சொல்ல வேண்டும்.

எழுதிய பிறகும் நாற்பது ஆண்டுகள் பெரிதாக எதுவும் அசையவில்லை. 1969இல் இலண்டனில் ஏ. எச். ராபர்ட்ஸ் என்ற மருத்துவர், பதிவு பெற்ற பழைய தொழில்முறை வீரர்களில் 224 பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து பரிசோதித்தார். நூற்றுக்கு 17 பேரிடம் நரம்பு மண்டலச் சேதம் இருந்தது. 1973இல் கோர்செலிஸ் என்ற மருத்துவரின் குழு, இறந்த 15 வீரர்களின் மூளைகளை அறுத்துப் பார்த்து, சேதம் எந்த இடங்களில், எந்த வடிவில் இருக்கிறது என்று காட்டியது. அந்த 15 பேரில் மூவர் காசுக்காகச் சண்டை போடாதவர்கள். பாடசாலைப் பையன்களின் பெற்றோர் அந்த மூவரைத்தான் கவனித்திருக்க வேண்டும்.

தமிழர்கள் மறக்காத ஒரு காட்சியும் இந்த வரலாற்றில் வருகிறது. 1980 தொடக்கத்தில் முகம்மது அலி சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டார். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று குழுக்களாகப் பிரிந்து வடசென்னை குத்துச்சண்டையில் ஊறிய காலம் அது. கூட்டம் அலை மோதியது. அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் அலியைச் சோதித்தார்கள். கைகளில் மதமதப்பு, பேச்சில் குழறல், விரலால் மூக்கு நுனியைத் தொடுவதில் தடுமாற்றம், மூளையின் நடுச்சுவரில் ஒரு சிறு இடைவெளி என்று அறிக்கையில் இருந்தது. அது தடைக்குக் காரணம் ஆகவில்லை. நெவாடா மாநில விளையாட்டு ஆணையம் அவருக்குச் சண்டை போட உரிமம் கொடுத்தது. ஒக்டோபரில் லாரி ஹோம்ஸின் முன்னே பத்துச் சுற்று அடி வாங்கிய பிறகு பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ சண்டையை நிறுத்தினார். 1984இல் அலிக்குப் பார்க்கின்சன் அறிகுறிகள் இருப்பது உறுதியானது. அதற்குக் குத்துகளின் பங்கு எவ்வளவு என்பதில் வைத்தியர்களிடையே விவாதம் உண்டு. ஆனால் விரல் மூக்கைத் தொடத் தவறியது விவாதத்துக்கு உரியதல்ல, எழுதி வைக்கப்பட்டிருந்தது. சோதனை நடந்தது, காகிதம் இருந்தது, கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் 14ஆம் சுற்றில் சரிந்த தென்கொரிய வீரர் கிம் டுக் கூ சில நாட்களில் இறந்தார். பட்டச் சண்டைகள் 15 சுற்றிலிருந்து 12ஆகக் குறைந்தது அந்த மரணத்தால். ஆனாலும் சண்டைக்குப் பிந்திய கவனிப்பைச் சட்டத்தின் கடமையாக மாற்றியது வேறொரு இரவு.

1991 செப்டம்பர் 21. இலண்டனில் மைக்கல் வாட்சனும் கிறிஸ் யூபாங்கும் மோதினார்கள். 11ஆம் சுற்றில் வாட்சன் யூபாங்கை வீழ்த்தினார். நொடிகளில் எழுந்த யூபாங்கின் ஒரு குத்தில் வாட்சன் பின்னால் சாய்ந்தார். 12ஆம் சுற்றில் நடுவர் சண்டையை நிறுத்தினார். வளையத்துக்குள்ளேயே வாட்சன் மயங்கினார். அருகில் வைத்தியர்கள் இருந்தார்கள். சுவாசத்தைக் காத்து உயிரைப் பிடித்துவைக்கும் ஏற்பாடு அங்கே இல்லை. அரைமணி நேரம் போயிற்று. கொண்டுசென்ற முதல் வைத்தியசாலையில் நரம்பியல் சத்திரசிகிச்சைப் பிரிவு இல்லை, அங்கிருந்து இன்னொன்று. பீட்டர் ஹாம்லின் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் அவரைக் காப்பாற்றினார். 40 நாள் நினைவின்றிக் கிடந்து, பாதி உடல் இயக்கம் இழந்து எழுந்தார் வாட்சன்.

அவர் வழக்குப் போட்டார். யூபாங்கின் மேல் அல்ல, பிரித்தானியக் குத்துச்சண்டைக் கட்டுப்பாட்டுச் சபையின் மேல். விதிகளை எழுதும் அதிகாரம் உங்களிடம் இருக்கும்போது, வளையத்தருகே என்ன மருத்துவ வசதி இருக்க வேண்டும் என்று சொல்லும் பொறுப்பும் உங்களுடையது என்பது அவர் வாதம். 1999இல் உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. 2000 டிசம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது. எழுந்து பத்து எண்ணிக்கையை வென்றவனுக்கும் அதற்குப் பிறகு ஒரு உரிமை உண்டு என்று ஒரு நீதிமன்றம் சொன்னது அப்போதுதான். 2003இல் வாட்சன் இலண்டன் மரதன் ஓட்டத்தை ஆறு நாள் நடந்து முடித்தார். ஹாம்லின் கூடவே நடந்தார். கடைசித் தூரத்தில் யூபாங்கும் வந்து சேர்ந்துகொண்டார்.

அதே காலத்தில் சோதனையும் ஒரு வடிவம் பெற்றது. 2001இல் வியன்னாவில் மூளை அதிர்ச்சிக்கென விளையாட்டு மருத்துவர்கள் கூடினார்கள். 2004இல் பிராக் நகரக் கூட்டத்தின் விளைவாக ஸ்கேட் என்ற சோதனைத் தாள் வந்தது. பலமுறை திருத்தப்பட்டு, 2023இல் அதன் ஆறாம் பதிப்பு வெளியானது. இன்று என்ன கிழமை, என்ன மாதம், என்ன ஆண்டு என்று கேட்பார்கள். பத்துச் சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். எண்களைத் தலைகீழாகச் சொல்ல வேண்டும், மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்ல வேண்டும். ஒற்றைக்காலில் நிற்க வேண்டும், குதிகாலும் விரலும் ஒட்ட நேர்கோட்டில் நடக்க வேண்டும். சில நிமிடம் கழித்து, முதலில் சொன்ன சொற்களை மறுபடி கேட்பார்கள். அடிபட்ட முதல் மூன்று நாட்களுக்குள் இது நன்றாகப் பயன்படும். சரியாகச் செய்தவனுக்கு அதிர்ச்சியே இல்லை என்று மட்டும் இதை வைத்து முடிவு கட்டக்கூடாது.

தலைக்கவசத்தை நம்பியவர்களுக்கும் இந்தக் காலம் ஒரு பாடம் வைத்திருந்தது. 1984 ஒலிம்பிக்கில் கட்டாயமான கவசம் 2016 ரியோவில் ஆண்கள் போட்டியில் இல்லை. கவசம் புருவம் கிழியாமல் காக்கும். மண்டைக்குள் மூளை குலுங்குவதை அது தடுப்பதில்லை. அதைவிடப் பயன் தந்தது சலிப்பூட்டும் ஒரு விதி: தலையில் விழுந்த குத்தால் வீழ்ந்தவன் குறைந்தது 30 நாள் வளையத்துக்குள் வரக்கூடாது, மூன்று மாதத்துக்குள் மறுபடி வீழ்ந்தால் 90 நாள், ஓராண்டில் மூன்றாம் முறை என்றால் ஓராண்டு.

சப்ரகமுவவுக்குத் திரும்புவோம். இங்கே இந்தச் சோதனைத் தாளில் ஒரு முள் இருக்கிறது. அது மொழி. நுவரெலியாவில் போலத் தமிழர் திரளாக வாழும் மாவட்டங்கள் அல்ல இரத்தினபுரியும் கேகாலையும். தமிழ்ப் பாடசாலைப் பிள்ளை போட்டிக்குப் போனால் நடுவர், வைத்திய அதிகாரி, முதலுதவிக்காரர் எல்லாரும் பெரும்பாலும் சிங்களம் பேசுபவர்கள். அடிபட்ட பிள்ளையிடம் சிங்களத்தில் பத்துச் சொல் சொல்லித் திருப்பிக் கேட்டால், தயங்கி ஆறு சொல் சொல்லும். அந்தத் தயக்கம் மூளையிலா, மொழியிலா? அதைவிட ஆபத்தானது மறுபக்கம். 'இவனுக்குச் சிங்களம் அவ்வளவாக வராது' என்று நினைத்து, உண்மையான குழப்பத்தை விட்டுவிடுவது. எந்த மாதம் என்றால் ஓகஸ்ட் என்பதா, ஆவணி என்பதா என்று யோசிக்கும் பிள்ளையை அதன் மொழியில் கேட்பவர்தான் சரியாக அளக்க முடியும்.

இதற்குச் செலவில்லாத வழி இருக்கிறது. போட்டிப் பருவம் தொடங்கும் முன்பே, பிள்ளை நலமாக இருக்கும் நாளில், அதன் தாய்மொழியில் ஒருமுறை சோதித்து எழுதி வைப்பது. அடிபட்ட நாளில் அந்தத் தாளோடு ஒப்பிட்டால் போதும். எண்களை வரிசையாக வேகமாக வாசிக்கவைக்கும் கிங் - டெவிக் சோதனையும் இங்கே உதவும். 2011இல் அமெரிக்காவில் குத்துச்சண்டை, கலப்புச் சண்டை வீரர்களிடம் அதைச் செய்து பார்த்தபோது, தலையில் அடிபட்டவர்கள் சண்டைக்கு முன்பைவிட மெதுவாக வாசித்தார்கள். எண்ணை எந்த மொழியில் வாசித்தாலும் நேரம் நேரம்தான். பழைய ஆசான் தன் மாணவனை அறிந்திருந்தது போல அறிந்துகொள்ள, ஒரு தாளும் ஒரு கடிகாரமும் போதும்.

தூரம் இன்னொரு முள். 1990களில் தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. அந்த வேலை இன்னும் முடியவில்லை. மலை மேல் இருக்கும் பல தோட்டங்களில் பிள்ளை விழுந்தால் முதலில் ஓடிவருவது பயிற்சியாளரும் பக்கத்து லயத்துக்காரரும். முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள், இனிப்பாகத் தேநீர் கொடுப்பார்கள், எழுந்து உட்கார்ந்ததும் 'ஒண்ணும் இல்ல' என்று வீட்டுக்குக் கூட்டிப்போவார்கள். அன்பினால் செய்வதுதான். ஆனால் மூளையைச் சுற்றி மெல்லக் கசியும் இரத்தம் முதல் சில மணி நேரம் ஒன்றும் இல்லாதது போலவே காட்டும்.

பெரிய நகரமும் பெரிய ஸ்டேடியமும் இருந்தால்கூட உயிர் போகலாம் என்பதை 2022 ஆகஸ்டில் சென்னை பார்த்தது. தேசிய கிக்பொக்சிங் போட்டியில் தலையில் அடிபட்ட அருணாச்சல் வீரர் யோரா தாடே, சத்திரசிகிச்சைக்குப் பிறகும் பிழைக்கவில்லை. அதே ஆண்டின் தொடக்கத்தில் முல்லைத்தீவிலிருந்து போன கணேஷ் இந்துகாதேவி பாகிஸ்தானில் கிக்பொக்சிங் தங்கம் வென்றதைத் தமிழ்ப் பத்திரிகைகள் கொண்டாடின. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டுகள் ஒரு கதவைத் திறக்கின்றன. கதவை மூடச் சொல்வதற்கு இல்லை. உள்ளே போகும் பிள்ளை, போன தலையோடு திரும்பி வர வேண்டும்.

ஆகவே தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சண்டை விளையாட்டு கற்பிப்பவர்களிடமும் அவர்களின் பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். தலையில் அடிபட்ட பிள்ளையை அன்றைக்கு மறுபடி களத்தில் இறக்காதீர்கள், அவனே கெஞ்சினாலும். முதல் நாள் இரவு தனியே விடாதீர்கள். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, கை காலில் பலவீனம், இரட்டையாகத் தெரிவது, எழுப்பினால் சரியாக விழிக்காத தூக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 1990 என்ற எண்ணை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். அதற்குக் காசு கிடையாது.